கைப்பேசியின் காலாவதித் தேதி

திறன்பேசிக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பு அனுப்பும் காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலம் முடிந்த மறுநாளும் கைப்பேசி மணி அடிக்கும், படம் எடுக்கும், வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். குறையென்று எதுவும் கண்ணில் படாது. ஓரிரண்டு ஆண்டு போனபின் ஒரு நாள் வங்கிச் செயலி திறக்க மறுக்கும். இந்தக் கருவிக்கு இனி ஆதரவு இல்லை என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி திரையில் வந்து நிற்கும். கண்ணாடி கீறாமல், பேட்டரி தளராமல் இருக்கும்போதே கைப்பேசி பாதிக்குப் பாதி உதவாமல் போவது இப்படித்தான்.

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் இந்த ஒரு வரி பெரிய இடி. ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களின் செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மெர்லிமாவ், டுரியான் துங்கால், பூலாவ் செபாங் பக்கத்துத் தாமான்களிலும் பல வீடுகளுக்குக் கைப்பேசிதான் ஒரே கணினி. சம்பளம் விழும் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, மளிகைக் கடையில் காட்டும் டூயிட்நவ் கியூஆர் எல்லாம் அதற்குள்தான். 2023 முதல் சாலை வரியையும் ஓட்டுநர் உரிமத்தையும்கூட மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எண்ணூறு ரிங்கிட் கொடுத்துக் கைப்பேசி வாங்கும் குடும்பம் ஏறத்தாழ அரை மாத உழைப்பைக் கடை மேசையில் வைக்கிறது. அந்தப் பணம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்வியை மட்டும் கடையில் யாரும் கேட்பதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை மாதத் தவணை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற வணிகர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டமே எழுந்தது. கன்று நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து, அதன்பின் இருபது இருபத்தைந்து ஆண்டு மரம் சீவிப் பிழைத்த மண் இது. ஆண்டுக் கணக்குப் பார்த்து முதல் போடுவது இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பேசி வாங்கும்போதும் அதே கணக்கைப் போட வேண்டும்.

புதுப்பிப்பு எங்கிருந்து வருகிறது

புதுப்பிப்பு இரண்டு வகை. ஒன்று பதிப்பு ஏற்றம்: ஆண்ட்ராய்டு 14 போய் 15 வருவது, ஐஓஎஸ் 17 போய் 18 வருவது. திரையின் தோற்றமும் சில வசதிகளும் மாறுவதால் இது எல்லோருக்கும் தெரியும். மற்றது பாதுகாப்புத் திருத்தம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதுதான் இதன் வேலை. வெளியே எந்த மாற்றமும் தெரியாததால் இது வருகிறதா, நின்றுவிட்டதா என்று பலரும் கவனிப்பதில்லை. பணம் புழங்கும் கைப்பேசிக்கு இந்த இரண்டாவது வகைதான் உயிர். முதலாவது நின்றுபோனால், செயலிகள் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்பு மெல்ல மெல்ல உயர்ந்து கைப்பேசியை வெளியே தள்ளும். இரண்டாவது நின்றுபோனால், பூட்டாத வீட்டில் பணத்தை வைத்த கதைதான்.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. படச்செய்தி ஒன்றை அனுப்பியே ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் நுழைய முடியும் என்று தெரிந்து உலகமே பதறியது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. ஆனால் கூகுள் வெளியிட்டதும் அது நேரே கைப்பேசிக்கு வந்துவிடாது. குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லு நிறுவனங்கள் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். கைப்பேசி நிறுவனம் அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி தைத்துச் சோதிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றாலும் புதுப்பிப்பு நின்றுவிடும். பல ஆண்டுகள் கழன்றுகொண்டிருந்த கண்ணி சில்லுதான். ஒரு சில்லு விற்று முடிந்தபின் அதற்கான மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதில் தயாரிப்பாளருக்கு லாபம் குறைவு. அதனால்தான் விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் இரண்டாம் ஆண்டிலேயே அநாதையாயின.

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, சில்லு சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, சில பாதுகாப்புப் பகுதிகளை பிளே ஸ்டோர் வழியாகவே நேரே புதுப்பிக்க வழி செய்தது. இன்று ஆறாண்டு, ஏழாண்டு என்று வாக்குறுதி தர முடிவது இந்த அடித்தள வேலைகளால்தான். ஆப்பிளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சில்லை வடிவமைப்பதும் இயங்குதளத்தை எழுதுவதும் கைப்பேசியை விற்பதும் ஒரே நிறுவனம் என்பதால் சங்கிலி குட்டையானது.

யார் எவ்வளவு காலம்

ஐபோனின் கணக்கைப் பழைய வரலாற்றிலிருந்து படிக்கலாம். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. 2015இல் வந்த 6எஸ்-க்கு 2025இலும் வந்தது. 2018இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்கள் ஏழாண்டு புதுப் பதிப்புகளைப் பெற்றபின், 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26இல் கழற்றிவிடப்பட்டன. ஆப்பிள் எழுத்தில் கொடுத்திருக்கும் உறுதி இதைவிடக் குறைவு. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி அது அறிவித்த குறைந்தபட்சக் காலம் ஐந்தாண்டு. வாக்கு சிறியது, செயல் பெரியது.

ஆண்ட்ராய்டு பக்கம் 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழாண்டு என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு அதே ஏழாண்டைக் கொடுத்தது. இவை விலை உயர்ந்தவை, தோட்டத்து வீட்டுக்கு எட்டாதவை. எட்டுகிற செய்தி 2024 இறுதியில் வந்தது. சாம்சங்கின் விலை குறைந்த வரிசையைச் சேர்ந்த ஏ16-க்கு ஆறு பதிப்பு ஏற்றமும் ஆறாண்டு பாதுகாப்புத் திருத்தமும் அறிவிக்கப்பட்டன. மலிவுக் கைப்பேசிக்கு நீண்ட ஆயுள் கேட்பது நடக்காத காரியம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. பிற நிறுவனங்களில் ஒரே பெயர் கொண்ட வரிசைக்குள்ளேயே மாடலுக்கு மாடல் காலம் மாறுகிறது. மேல்விலை மாடலுக்குச் சொன்ன ஆண்டுகளைக் கீழ்விலை மாடலுக்கும் பொருந்தும் என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். பிராண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் மாடலின் முழுப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்க வேண்டும்.

ஆறாண்டு வாக்குறுதி இருந்தும் 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கைப்பேசி நான்காம் ஆண்டிலேயே திணறலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புதுப் பதிப்பும் முந்தையதைவிடக் கனமானது. நூறு ரிங்கிட் கூடப் போட்டு 6 அல்லது 8 ஜிபி ரேம் உள்ளதை வாங்குவது கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

நிறுவனம் பெரியது, எங்கேயும் போய்விடாது என்ற நம்பிக்கைக்கு வரலாறு இடம் தரவில்லை. ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்த நோக்கியாவின் சிம்பியன் மறைந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் கைப்பேசிகளில் 2019 டிசம்பர் 31ஓடு வாட்ஸ்அப் நின்றது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளச் சேவைகள் 2022 ஜனவரி 4இல் நிறுத்தப்பட்டன. இவற்றில் பலவும் கைப்பேசி பழுதாகிச் சாகவில்லை. செயலி எழுதுவோர் விலகினார்கள், கைப்பேசி தனிமைப்பட்டது. ஹுவாவேயின் கதை இன்னொரு வகை. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த வணிகத் தடைக்குப் பிறகு அதன் புதிய கைப்பேசிகளில் கூகுள் சேவைகள் இல்லை. கருவி தரமானதாக இருந்தும், தனக்குத் தேவையான வங்கிச் செயலியும் அரசாங்கச் செயலியும் அதன் செயலிக் கடையில் உண்டா என்று வாங்குபவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று.

கைப்பேசியைத் தாங்களே திறந்து லீனியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றி ஆயுளை நீட்டுவோரும் உண்டு. கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் அப்படி மாற்றிய கருவியில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால் அதில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.

தமிழ் ஏறிய கதை

இயங்குதளம் எதைத் தாங்குகிறது என்பது தமிழருக்கு வெறும் பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமாக இருந்ததில்லை. முதல்காலத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து வந்த பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி நின்று படிக்க விடாமல் செய்யும். இந்த இடைவெளியை நிரப்ப முன்னின்றவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். கணினிக்கு முரசு அஞ்சலை உருவாக்கிய அவர், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பச் செல்லினத்தை உருவாக்கினார். 2005 பொங்கலின்போது அது சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அந்நாளைய சாதாரணக் கைப்பேசிகளில் ஓடிய செல்லினம் 2009இல் ஐபோனுக்கும் 2012இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஒரு தளம் மறையும்போது அடுத்த தளத்துக்குத் தமிழைத் தூக்கிக் கொண்டுபோய் வைக்க ஒருவர் இருந்தார் என்பதால்தான் தொடர்ச்சி அறுபடவில்லை.

2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகைகளோடு வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தது. இந்த இரண்டாவது மாற்றம், பள்ளி அதிகம் பார்க்காத தோட்டத்து மூத்தோருக்குப் பெரிய கொடை. எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டி, கோலாலம்பூரில் வேலை செய்யும் பேரனுக்குப் பேசியே தமிழில் செய்தி அனுப்புகிறார். மூத்தவர்களுக்கு வாங்கும்போது அமைப்புப் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கடையிலேயே திறந்து பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் இது பொதுவாக உண்டு. ‘மொழி’ பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்ததும் அழைப்பு, படங்கள், அமைப்பு என்று திரை முழுதும் மாறும்.

பழைய பதிப்பில் தேங்கிய கைப்பேசி எவ்வளவு பெரிய இடையூறு என்பதைப் பெருந்தொற்றுக் காலம் அடித்துச் சொன்னது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் கைப்பேசி வழியே நடந்தது. மைசெஜாத்தெரா செயலி இல்லாமல் கடைக்குள் போக முடியாத நாட்கள் வந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்றிருந்த வீட்டில், அந்த ஒன்றும் புதுச் செயலியை ஏற்காத பழைய பதிப்பாக இருந்தால் படிப்பும் நின்றது, மளிகையும் நின்றது.

அலைவரிசையும் வங்கியும்

ஜெண்டேலா என்ற தேசிய இணைய இணைப்புத் திட்டத்தின்கீழ் 2021 டிசம்பர் இறுதியோடு மலேசியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி அலையில் குரலழைப்பு செய்ய வோல்ட்டி என்ற வசதி வேண்டும். அதைக் கைப்பேசியின் மென்பொருளும் தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்துதான் திறந்துவிட முடியும். அந்த வசதி இல்லாத கைப்பேசியில் அழைப்பு வந்ததும் அலை 2ஜிக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும். செம்பனைக் காட்டின் நடுவே அலை ஏற்கெனவே மெலிவாக இருக்கும் இடத்தில் இது இரட்டைக் கஷ்டம். ‘ஏபி செட்’ என்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வேறு நாட்டுச் சந்தைக்குத் தயாரான கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் கூடுதல். அவற்றுக்கு வரும் புதுப்பிப்பும் அந்த நாட்டுக் கணக்கில்தான் வரும். சிரிம் முத்திரையுள்ள ‘ஒரிஜினல் செட்’ ஐம்பது, நூறு ரிங்கிட் அதிகமானாலும் அதையே வாங்குவது சரி.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. குறுஞ்செய்தியில் ஒருமுறைக் கடவெண் அனுப்புவதை விட்டுச் செயலிக்குள்ளேயே உறுதி செய்யும் முறைக்கு மாற வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசிதான் சாவியாக இருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. மோசடியைத் தடுக்க இவை நல்ல ஏற்பாடுகள். அதன் மறுபக்கம் என்னவென்றால், கைப்பேசி பழசாகிச் செயலி ஓடாமல் போனால் கணக்கின் சாவியே தொலைந்த மாதிரி.

மோசடி எப்படி வருகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருக்கும். தொட்டால், இந்த மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா என்று கைப்பேசி கேட்கும். கல்யாணத் தேதி பார்க்கும் ஆவலில் ‘சரி’ என்று அழுத்திவிட்டால், அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி, அதற்கடுத்து அணுகல்தன்மை என்ற பகுதியில் அனுமதி. இந்தக் கடைசி அனுமதி கிடைத்துவிட்டால் திரையில் தெரிவதைப் படிக்கவும், கைப்பேசிக்காரர் தொடுவதுபோலவே தொடவும் அந்தச் செயலியால் முடியும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 இந்த இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டது. வெளியிலிருந்து வந்த செயலி அணுகல்தன்மை அனுமதி கேட்டால் அந்தப் பொத்தான் மங்கிப்போய் அழுத்த முடியாமல் நிற்கும். பழைய பதிப்பில் தாழ்ப்பாள் இல்லை. அதைத் தாண்டும் வித்தைகளையும் மோசடிக்காரர்கள் தேடத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு நொடி தயங்கி யோசிக்க வைக்கும் தடை, பல குடும்பங்களின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடியது. ஐபோனில் வாட்ஸ்அப் வழியே வந்த கோப்பைத் தொட்டுச் செயலி நிறுவ இயலாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் இயங்கும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.

கடையில் போட வேண்டிய கணக்கு

புதுப்பிப்புக் காலம் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, வாங்கிய நாளிலிருந்து அல்ல. இது ஒன்றை மனத்தில் வைத்தால் பாதித் தவறுகள் குறையும். 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21-க்கு ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் என்று சாம்சங் சொன்னது. 2025இல் அதை ‘செகண்ட் ஹேண்ட்’ கடையில் பளபளவென்று பார்த்து வாங்கியவருக்கு மிஞ்சியது அதிகம் போனால் ஓராண்டு. ஐபோனுக்கும் இதே விதிதான். 2014இல் வந்த ஐபோன் 6, ஐஓஎஸ் 12ஓடு நின்றுபோனது. 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1-க்குக் குறைந்த எதிலும் ஓடுவதில்லை. பிள்ளைக்கு ஆசைக்கு ஐபோன் என்று மலிவில் வாங்கிக் கொடுத்த கருவியில் வாட்ஸ்அப்பே இல்லையென்றால் அந்த ஆசைக்கு என்ன மிச்சம்?

விலையை மிச்ச ஆண்டால் வகுத்துப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 600 ரிங்கிட் கைப்பேசிக்கு இன்னும் இரண்டாண்டு புதுப்பிப்பு இருந்தால் ஆண்டுக்கு 300. ஆயிரம் ரிங்கிட் கைப்பேசிக்கு ஆறாண்டு இருந்தால் ஆண்டுக்கு 167-க்குள். இடையில் 150 ரிங்கிட் கொடுத்துப் பேட்டரி மாற்றினாலும் ஆண்டுக்கு 192-ஐத் தாண்டாது. மலிவு என்று நினைத்ததுதான் இங்கே விலை அதிகம். கையில் ஆயிரம் இல்லாதவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி என்ன பயன் என்று கேட்பதில் நியாயம் உண்டு. அவருக்கும் ஒரு வழி இருக்கிறது: அதே 600 ரிங்கிட்டுக்குள் கிடைப்பவற்றில், சென்ற ஆண்டின் பெரிய மாடலைவிட இந்த ஆண்டு வந்த சிறிய மாடலைப் பார்ப்பது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்தாண்டுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும், 800 முறை சக்தியேற்றிய பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும், உதிரிப் பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும். மலேசிய வாடிக்கையாளருக்கு இயங்குதளப் புதுப்பிப்பில் அப்படியொரு சட்டப் பாதுகாப்பு வர வேண்டும். தவணையில் கைப்பேசி வாங்கும் தொழிலாளிக்கு, கடைசித் தவணைக்கு முன்பே கைப்பேசி காலாவதியாகாது என்ற உறுதியாவது கிடைக்க வேண்டும்.

அதுவரை, கையிலிருக்கும் கைப்பேசியின் நிலையை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அமைப்பைத் திறந்து ‘தொலைபேசி பற்றி’ என்ற பகுதிக்குப் போனால், ஆண்ட்ராய்டு பதிப்பு ஓர் எண்ணாகவும், அதன் அருகில் ‘பாதுகாப்பு இணைப்பு நிலை’ அல்லது அதையொத்த பெயரில் ஒரு தேதியாகவும் தெரியும். தேதி இரண்டு மூன்று மாதங்களுக்கு உட்பட்டதாக இருந்தால் கைப்பேசி பராமரிப்பில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியிருந்தால், புதுப்பிப்பு காத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்து பல மாதம் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. நூலகத்திலோ உறவினர் வீட்டிலோ வைஃபை கிடைக்கும்போது, சக்தியேற்றி வைத்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். ஓராண்டு தாண்டியும் புதிதாக எதுவும் இல்லையென்றால் அந்தக் கைப்பேசியின் காலம் முடிந்தது. ஐபோனில் ‘பொது’, ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்று போனால் அதே விவரம் கிடைக்கும்.

காலம் முடிந்த கைப்பேசியை உடனே எறிய வேண்டியதில்லை. வங்கிச் செயலி, மின்பணப்பை, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை நீக்கிவிட்டால், பாட்டுக் கேட்கவும் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைக்கவும் அது உதவும். பேட்டரி உப்பத் தொடங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. மின்னணுக் கழிவு மலேசியச் சட்டத்தில் அட்டவணைக் கழிவு, அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

புதுக் கைப்பேசிக்கு மாறும்போது வரிசை முக்கியம். பழையது இன்னும் திறக்கும் நிலையிலேயே மாறிவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களைக் காப்புப் பிரதி எடுத்து, வங்கிச் செயலியைப் புதியதில் பதிவு செய்து, அது வேலை செய்வதை உறுதி செய்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். புதுக் கருவியில் பதிவு செய்ததும் வங்கிகள் பாதுகாப்புக்காகச் சில மணி நேரம் பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைக்கும். அதனால் சம்பள நாளன்றும் தீபாவளிக்கு முந்திய நாளன்றும் கைப்பேசி மாற்றாமல், அவசரச் செலவு எதுவும் எதிரே நிற்காத ஒரு வார நடுநாளில் மாற்றிக்கொள்வது வசதி.